ரஜனி சென் சாலையில் யாரும் சாகவில்லை

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் தமிழர்களுக்கு அந்நிய இடமல்ல. வாழையிலையும் தொடுத்த பூவும் டபரா காபியும் கிடைக்கும் வங்காளத்துச் சந்தை அது. அங்கே காபி குடித்த சூடு ஆறுவதற்குள் நடந்துபோய்விடக்கூடிய தூரத்தில், பாலிகஞ்ச் பக்கம், ரஜனி சென் சாலை என்று ஒரு தெரு இருக்கிறது. சத்யஜித் ராய் தன் துப்பறிவாளன் ஃபெலுதாவுக்குக் கொடுத்த விலாசம், 21 ரஜனி சென் சாலை. இதைத் தேடிப் போகிறவர்கள் இன்றும் உண்டு. தெரு அகப்படுகிறது. சார்மினார் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு கதவைத் திறக்கும் ஃபெலுதா என்கிற பிரதோஷ் மித்தர் அகப்படுவதில்லை. இருந்தும் அந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் அவர் செத்துப்போய்விட்டார் என்று சொல்ல மாட்டார்கள். ஊரில் இல்லை, ஏதோ வழக்கு விஷயமாக வெளியூர் போயிருக்கிறார் என்கிற தோரணையில்தான் பதில் வரும்.

இந்தத் தெருவில் நின்றுகொண்டு ஒரு கேள்வியை யோசிக்கலாம். ஊரே நேசிக்கும் ஒரு மாயாஜாலத் தொடர் முடியும்போது நாயகன் சாக வேண்டுமா?

கேள்வி உச்சத்துக்குப் போனது 2006இலும் 2007இலும். ஹாரி பாட்டர் வரிசையின் ஏழாம் புத்தகம் வருவதற்கு முன்னால், பையன் பிழைப்பானா மாட்டானா என்பதே உலகெங்கும் பேச்சு. 2006 ஆகஸ்டில் நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் ஜே.கே. ரவுலிங்குடன் மேடையேறிய ஸ்டீஃபன் கிங்கும் ஜான் இர்விங்கும், ஹாரியைக் கொன்றுவிடாதீர்கள் என்று அவரிடமே கேட்டுக்கொண்டார்கள். தன் கதைகளில் ஆட்களைக் கொத்துக் கொத்தாகச் சாகடித்த ஸ்டீஃபன் கிங், அடுத்தவர் கதையில் ஒரு பையனுக்கு உயிர்ப்பிச்சை கேட்டது வேடிக்கைதான். அதற்குச் சில வாரங்கள் முன்பு ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் ரவுலிங் வேறொன்று சொல்லியிருந்தார். நாயகனைக் கொன்றுவிடும் எழுத்தாளர்களின் மனம் தனக்குப் புரிகிறது. ஆசிரியர் போன பிறகு வேறு யாரோ வந்து தொடர்ச்சி எழுதுவதை அது தடுத்துவிடும் அல்லவா என்பது அவர் பேச்சின் சாரம்.

அதாவது, சாவு ஒரு பூட்டு. வீட்டைக் காலி செய்பவர், அடுத்தவர் குடியேறாதபடி கதவில் தொங்கவிடும் பூட்டு.

அந்தப் பயம் காரணமில்லாதது அல்ல. கொல்கத்தாவே சாட்சி. 2003இல் ‘கல்கத்தாவில் ஹாரி பாட்டர்’ என்று ஒரு வங்காளப் புத்தகம் வந்தது. உத்தம் கோஷ் எழுதியது. ஹாரி இந்த ஊருக்கு வந்து வங்காளக் கதைமாந்தர்களைச் சந்திக்கிறான். வக்கீல் நோட்டீஸ் வந்ததும் பதிப்பாளர் புத்தகத்தைத் திரும்பப் பெற்றார். 2007 ஜூலை 21 அன்று, லண்டனில் நள்ளிரவும் நமக்கு விடியல் நாலரையுமாக இருந்த நேரத்தில், ஏழாம் புத்தகம் வெளியானது. மூன்று மாதம் கழித்து துர்கா பூஜை. சால்ட் லேக்கில் எஃப்.டி. பிளாக்காரர்கள் ஹாக்வார்ட்ஸ் கோட்டையையே பந்தலாகக் கட்டினார்கள். ரவுலிங்கும் வார்னர் பிரதர்ஸ் நிறுவனமும் 20 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கேட்டு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பூஜை முடியும்வரை பந்தல் இருக்கலாம் என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. எப்படியும் நாலைந்து நாளில் பிரிக்கப்போகும் பந்தல். அதற்கு என்ன வழக்கு என்று ஊர் சிரித்தது.

அந்தச் சிரிப்பில் ஒரு விஷயம் இருக்கிறது. தசமி அன்று துர்க்கையை ஆற்றில் கரைத்துவிட்டு வங்காளிகள் போடும் கோஷம் ‘ஆஷ்சே போச்சோர் ஆபார் ஹோபே’. அடுத்த வருஷமும் நடக்கும் என்று அர்த்தம். மூழ்குவதைக் கண்ணாரப் பார்த்தவர்களே அடுத்த நிமிடம் திரும்பி வருவதைப் பற்றிக் கத்துகிற ஊர் இது. இங்கே பூட்டு செல்லுபடியாகாது.

செல்லுபடியான ஊர் எது என்று தேடினாலும் கிடைப்பதில்லை. 1893 டிசம்பரில் ஆர்தர் கானன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸை ஸ்விட்சர்லாந்து அருவியில் தள்ளினார். காரணம் கதைக்குள் இல்லை. ஹோம்ஸ் மீது அவருக்கு ஏற்பட்ட சலிப்புதான் காரணம். தான் பெரிதாக மதித்த சரித்திர நாவல்களை எழுத இந்த ஆள் விடமாட்டேன் என்கிறான் என்று எரிச்சல். 1903இல் அதே கையால் அவனை அருவியிலிருந்து ஏற்றி, கொஞ்சமும் நம்பமுடியாத ஒரு விளக்கத்தோடு லண்டனுக்கு அழைத்துவந்தார். அகதா கிறிஸ்டி இன்னும் கவனமானவர். ஹெர்குல் புவாரோ சாகும் நாவலை இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே எழுதிப் பூட்டிவைத்தார். 1975இல் அது வெளிவந்தபோது நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்திலேயே புவாரோவுக்கு இரங்கல் செய்தி போட்டது. அவ்வளவு மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்ட மனிதர் 2014இல் சோஃபி ஹன்னா எழுதிய புதிய நாவலில் மறுபடி மீசையை முறுக்கிக்கொண்டு வந்துவிட்டார். கிறிஸ்டியின் வாரிசுகளே அனுமதி கொடுத்தார்கள். ஹாரியின் கதையும் அப்படித்தான். 2016இல் லண்டனில் மேடையேறிய தொடர்ச்சி நாடகத்தின் வசனத்தை எழுதியவர் ஜாக் தோர்ன். கதையில் ரவுலிங்குக்குப் பங்கு உண்டு என்றாலும், கதவைத் திறந்துவிட்டவர் அவரேதான்.

தமிழில் இந்தப் பிரச்சினைக்கு வேறு முகம். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்து முடிந்தபோது வந்தியத்தேவன் உயிரோடிருந்தான், அருள்மொழி உயிரோடிருந்தான், நந்தினி எங்கேயோ போய்விட்டாள். அப்புறம் என்ன ஆயிற்று என்று வாசகர்கள் துளைத்ததற்கு, கல்கி முடிவுரையில் ஒவ்வொருவருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கணக்கு யாருக்கும் போதவில்லை. விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’ அந்தப் பசியில் பிறந்ததுதான். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையான பிறகு எத்தனையோ பதிப்புகள், எத்தனையோ தொடர்ச்சிகள். இதனால் மூல நூலுக்கு என்ன குறைந்துவிட்டது? ஒன்றுமில்லை. ஆயிரம் பேர் தொடர்ந்து எழுதினாலும், வீராணத்து ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கன்று குதிரையில் வரும் வாலிபன் கல்கிக்குத்தான் சொந்தம். ஆக, அடுத்தவன் எழுதிவிடுவானே என்ற பயத்தில் நாயகனைக் கொல்வது பலிக்காத வேலை. கொஞ்சம் சின்னத்தனமான வேலையும்கூட.

அப்படியென்றால் கொல்லவே கூடாதா? அதுவும் இல்லை.

பாலிகஞ்சின் அஸ்வினி தத்தா சாலையில் சரத்சந்திரர் கடைசி ஆண்டுகளில் வாழ்ந்த வீடு இருக்கிறது. அவருடைய தேவதாஸ், பார்வதியின் வீட்டு வாசல்வரை வந்து உள்ளே போகாமல் சாகிறான். 1953இல் நாகேஸ்வர ராவ் நடித்த தேவதாஸைப் பார்த்துவிட்டு அழுத தமிழ்நாட்டில், அவன் பிழைத்திருக்கலாமே என்று யாரும் மனு போடவில்லை. பிழைத்தால் அவன் தேவதாஸ் இல்லை. நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ இன்னும் கிட்டத்தில் நிற்கும் உதாரணம். கல்கியில் தொடராக வந்த அந்த நாவலில் அரவிந்தன் காய்ச்சலில் இறந்துபோகிறான். கல்யாணமாகாத பூரணி விதவையைப்போல வாழ்கிறாள். தமிழ் வீடுகள் துக்கம் காத்தன என்றே சொல்லலாம். அதோடு நிற்கவில்லை, பிறந்த பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்தார்கள். பின்னால் தூர்தர்ஷனில் அது தொடராக வந்தபோது அரவிந்தனாக நடித்தவர் மு.க. ஸ்டாலின். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் பூவின் பெயரைத் தலைப்பாக வைத்தபோதே ஆசிரியர் முடிவைச் சொல்லிவிட்டார் என்பது திரும்பிப் படிக்கும்போது புரிகிறது.

இந்தச் சாவுகளுக்கும் ஹோம்ஸின் சாவுக்கும் என்ன வித்தியாசம்? கதைக்குள் கடிகாரம் ஓடுகிறதா இல்லையா என்பதுதான். தேவதாஸுக்கு வயதாகிறது, உடம்பு கெடுகிறது. அரவிந்தன் ஒரு கொள்கையை நோக்கி நடந்துகொண்டே இருக்கிறான். நேரம் ஓடும் கதையில் சாவும் ஒரு நாள் வரும், அது நியாயம். நேரமே ஓடாத கதையில் சாவை எங்கிருந்து கொண்டுவருவது?

வேதாளத்தை எடுத்துக்கொள்ளலாம். சமஸ்கிருத மூலத்தில் இருபத்தைந்து கதைகள். கடைசிக் கேள்விக்கு ராஜாவுக்கு விடை தெரியாமல் போகிறது, மௌனம் கலையவில்லை, கதை முடிகிறது. 1947 ஜூலையில் சென்னையில் தொடங்கிய அம்புலிமாமா அந்த முடிவை நெருங்கவே விடவில்லை. தோளில் பிணத்தைச் சுமந்தபடி கத்தியோடு நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் மாதந்தோறும் வரைந்தார். மாதந்தோறும் ராஜா வாயைத் திறந்தார், வேதாளம் முருங்கைமரம் ஏறியது. தாத்தா படித்த அதே படத்தைப் பேரனும் பார்த்தான். ஒரு மாத இதழில் திடீரென்று ராஜா கால் தவறி விழுந்து இறந்துவிட்டார் என்று போட்டிருந்தால், அதைச் சோகம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அச்சுப்பிழை என்று நினைத்திருப்பார்கள்.

ஃபெலுதா இந்தச் சாதி. 1965இல் ‘சந்தேஷ்’ சிறுவர் இதழில் முதல் கதை வந்தபோது அவருக்கு வயது 27. அப்போது ராய் குடியிருந்ததும் அதே வட்டாரத்தில், லேக் டெம்பிள் சாலையில். அடுத்த 27 ஆண்டுகள் எழுதினார். பஞ்சாங்கப்படி ஃபெலுதாவுக்கு 54 ஆகியிருக்க வேண்டும், முட்டிவலி வந்திருக்க வேண்டும். ஆகவில்லை, வரவில்லை. கூடவே திரியும் தம்பி தொப்ஷேவும் இளைஞனாகவே நின்றுவிட்டான். 1971இல் ரயிலில் வந்து ஒட்டிக்கொண்ட லால்மோகன் பாபு, அதாவது ‘ஜடாயு’ என்ற புனைபெயரில் சாகசக் கதை எழுதுகிற அந்த அப்பாவி மனிதர், கடைசிவரை வழுக்கைத் தலையோடும் தப்புத்தப்பான பொது அறிவோடும் அப்படியே இருந்தார். சாவு அந்தக் குழுவை ஒரே ஒரு வழியில்தான் தொட்டது. ஜடாயுவாக நடித்த சந்தோஷ் தத்தா 1988இல் இறந்தார். ராய் அதற்குப் பிறகு ஃபெலுதா படம் எடுக்கவில்லை. கதையில் மட்டும் ஜடாயு தொடர்ந்து வந்தார். நிஜ மனிதரின் சாவு சினிமாவை நிறுத்தியது; கதையின் கடிகாரத்தை அசைக்கவில்லை.

ஹாரி இதற்கு நேர் எதிர். பதினோரு வயதில் தொடங்கி, புத்தகத்துக்கு ஒரு பள்ளியாண்டு வீதம் பதினேழு வயதுவரை வளர்கிறான். பி.எஸ்.வி. குமாரசாமியின் தமிழ் மொழிபெயர்ப்பில் படித்தவர்களுக்கும் தெரியும், பின்னால் வரும் புத்தகங்களில் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். எனவே அவன் செத்திருந்தால் அது கதைக்குத் துரோகம் ஆகியிருக்காது. ரவுலிங் செய்தது ஒரு சாமர்த்தியம்: சாகத் தயாராகி, கோலை அங்கிக்குள் வைத்துவிட்டு, தானாக எதிரியின் முன்னால் போய் நிற்க வைத்தார். சாவை ஏற்றுக்கொண்டான், பிறகு எழுந்துகொண்டான். இதை ஏமாற்று என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். காட்டுக்குள் நடந்த அந்த நடைதான் ஏழு புத்தகங்களும் சேர்த்துவைத்த பணம். அது செலவாகிவிட்டது, பிறகு மூச்சு நின்றதா நிற்கவில்லையா என்பது சில்லறைக் கணக்கு என்பதே இங்கு வைக்கப்படும் கட்சி. குறை சொல்ல வேண்டுமானால் பத்தொன்பது வருடம் கழித்து என்று ஒட்டப்பட்ட கடைசி அத்தியாயத்தைச் சொல்லலாம். ரயில் நிலையத்தில் பிள்ளைகுட்டிகளோடு நிற்கும் அந்தக் காட்சி, கல்யாண ஆல்பத்தின் கடைசிப் பக்கம் மாதிரி.

முடிவைத் தெரிந்துகொண்டே எழுதாமல் விடுகிற மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதில் தமிழ் ரொம்பப் பழசு. வால்மீகத்தின் உத்தர காண்டத்தில் இராமன் சரயுவில் இறங்கி மறைகிறான். வங்காளிகளின் கிருத்திவாசர் அதைப் பாடுகிறார். கம்பர் பட்டாபிஷேகம் செய்து, வந்தவர்களுக்கு விடை கொடுத்து அனுப்பிவிட்டு ஏட்டை மூடிவிட்டார். உத்தர காண்டம் ஒட்டக்கூத்தர் பெயரில்தான் வழங்குகிறது. வில்லிபுத்தூராரும் பாரதத்தைப் பத்தாவது பருவத்தோடு நிறுத்திக்கொண்டார். கண்ணன் வேடன் அம்பில் சாய்வதும் பாண்டவர்கள் இமயத்தில் ஒவ்வொருவராக விழுவதும் அவரிடம் இல்லை. பதினெட்டுப் பருவத்தையும் முடிக்க நல்லாப்பிள்ளை வரவேண்டியிருந்தது. இந்த இரண்டு பெரும்புலவர்களுக்கும் மூலத்தின் முடிவு தெரியாமல் இல்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. நாயகன் சாகிறான் என்று ஊருக்கே தெரியும். அதைத் தன் வாயால் சொல்ல வேண்டுமா என்பது கவியின் உரிமை.

நான்காவதும் ஒரு வழி இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர் பாலிகஞ்ச் அரசுப் பள்ளியின் பழைய மாணவர்தான்.

1961இல் ராய் ‘சந்தேஷ்’ இதழை மறுபடி உயிர்ப்பித்தார். தாத்தா உபேந்திரகிஷோர் 1913இல் தொடங்கிய பத்திரிகை. அதற்காக எழுதிய முதல் பேராசிரியர் ஷொங்கு கதை இப்படித் தொடங்குகிறது: ஷொங்கு என்ற விஞ்ஞானியைப் பல வருடமாகக் காணோம். செத்துவிட்டார் என்கிறார்கள் சிலர். சுந்தரவனத்தில் விண்கல் விழுந்த பள்ளத்திலிருந்து எடுத்தது என்று ஒருவர் பத்திரிகை ஆசிரியரிடம் ஒரு சிவப்பு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறார். அதன் எழுத்து பார்க்கப் பார்க்க நிறம் மாறுகிறது. இழுத்தால் தாள் ரப்பர் மாதிரி நீள்கிறது, கிழிவதில்லை, நெருப்பில் போட்டாலும் எரிவதில்லை. அது ஷொங்குவின் நாட்குறிப்பு. வேலைக்காரன் பிரஹ்லாதன், பூனை நியூட்டன், தானே செய்த இயந்திர மனிதன் விதுசேகர் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு செவ்வாய்க்குப் போய், அங்கிருந்து தப்பித்து, வேறொரு கிரகத்தில் தங்கிவிடுகிறார். படித்து முடித்து அச்சுக்குக் கொடுத்தபின், எதற்கும் அழியாத அந்த நோட்டை எறும்புகள் தின்று தீர்க்கின்றன.

முதல் கதையிலேயே நாயகன் பூமியை விட்டுப் போய்விட்டான். திரும்பி வரவே இல்லை. அதற்குப் பிறகு முப்பது வருடம் அவன் கதையை ராய் எழுதினார். கிரிதியில் உஸ்ரி நதிக்கரை வீட்டில் வேறு நாட்குறிப்புகள் கிடைத்தன என்று ஒரு வரி போதுமாயிருந்தது. முடிவைத் தலையிலேயே சொல்லி, கையைக் கழுவிக்கொண்டு, மற்றதையெல்லாம் நிம்மதியாகச் சொன்னார். கடைசியாக முழுமை பெற்ற கதைகளில் ஒன்று, 1990இல் வந்த ‘ஸ்வர்ணபர்ணி’, ஷொங்குவின் இளமையைப் பற்றியது. முடிவில் தொடங்கி இளமையில் முடிந்த வரிசை அது. இப்படி ஓர் அமைப்பு தற்செயலாக வந்ததா, திட்டமா என்பது முக்கியமில்லை. நாயகன் சாகலாமா என்ற கேள்வியை அது எழும் முன்பே செல்லாக்காசாக்கிவிட்டது.

நாயகன் இருக்க ஆசிரியர் போய்விடுவதும் இந்த வட்டாரத்தில் நடந்ததுதான். சரதிந்து பந்தோபாத்யாயரின் பியோம்கேஷ் பக்ஷி 1932இல் பிறந்தார். கல்யாணம் செய்துகொண்டார், பிள்ளை பெற்றார், கடைசியில் கேயாதலாவில் வீடு கட்டிக்கொண்டு பாலிகஞ்சுக்குப் பக்கத்து ஆளானார். நடுவில் பதினைந்து வருடம்போல ஆசிரியர் அவரைக் கைவிட்டிருந்தார். வாசகர்கள் விடவில்லை, 1951இல் திரும்பினார். 1970 செப்டம்பரில் சரதிந்து இறந்தபோது மேசையில் ‘பிஷுபால் வதம்’ பாதியில் நின்றது. நாடக மேடையில் விளக்கு அணைந்து எரியும் இடைவெளியில் பிஷு பால் கொல்லப்படுகிறான். பியோம்கேஷ் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கொலைகாரன் யார் என்பதை சரதிந்து சொல்லவில்லை. பின்னால் நாராயண் சன்யால் முடித்துக் கொடுத்தார், 2022இல் அரிந்தம் சில் படமாகவும் எடுத்தார். ஆனாலும் அந்த இருட்டு மேடை சரதிந்துவுடையது.

ராயின் கடைசி வருடங்களில் ஃபெலுதாவுக்கும் ஒரு சங்கடம் வந்தது. 1990இல் வந்த ‘நயன் ரகசியம்’ கதையின் தொடக்கத்தில் ஃபெலுதா மனம் சோர்ந்து கிடக்கிறார். கதைகள் முன்போல் இல்லை என்று வாசகர்கள் கடிதம் போட்டிருக்கிறார்கள். டாயிலாக இருந்தால் இந்த இடத்தில் அருவியைத் தேடியிருப்பார். ராய் அந்தக் கடிதங்களையே கதைக்குள் கொண்டுவந்து, அவற்றின் எதிரில் தன் நாயகனை முகம் வாடி உட்காரவைத்தார். பிறகு எழுப்பி அடுத்த வழக்குக்கு அனுப்பினார்.

1992 ஏப்ரல் 23 அன்று ராய் காலமானார். அந்த வருடம் பூஜைக்கு வழக்கம்போல ‘தேஷ்’ ஷாரதீய மலர் வந்தது. கரியாஹாட் முனையில் பத்திரிகைக்கடையில் அதை வாங்கியவர்களுக்கு உள்ளே ஒரு முழு ஃபெலுதா நாவல் இருந்தது, ‘ராபர்ட்சனின் ரூபி’. எழுதியவர் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஃபெலுதாவும் தொப்ஷேவும் ஜடாயுவும் பீர்பூம் மாவட்டத்தில் சாந்திநிகேதன் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தார்கள். துப்ராஜ்பூரில் மாமா–பாக்னே பாறைகளைப் பார்க்கப் போவதாக ஏற்பாடு.